களிமண் ஓடு என்ற பொய்ச்சீட்டு

2003 ஏப்ரலில் பக்தாதின் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருட்கள் களவு போயின. இராக்கின் பண்டைய மேடுகளிலும் இரவு பகலாகத் தோண்டித் திருடினர். திருடனைப் பழிப்பது எளிது. வாங்கியவரைப் பற்றிச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் அங்காடி நிறுவனம், பைபிள் தொடர்பான தொன்மைகளைத் திரட்டும் ஆர்வத்தில், 2010-இல் 5,500 தொல்பொருட்களைப் 16 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. களவுப் பொருளாக இருக்கலாம் என அந்நிறுவனம் அமர்த்திய நிபுணரே முன்னரே எச்சரித்திருந்தார். பணமோ ஏழு தனிநபர் வங்கிக் கணக்குகளுக்குப் போனது. பொதிகளின்மீது 'களிமண் ஓடுகள்' எனச் சீட்டு ஒட்டப்பட்டது. ஹலாலான சரக்கிற்குப் பொய்ப்பெயர் எதற்கு? 2017-இல் அந்நிறுவனம் பொருட்களைக் கைவிடவும், 30 லட்சம் டாலர் செலுத்தவும் உடன்பட நேர்ந்தது.

நிய்யத் நல்லதாயினும் களவுப் பொருள் ஹலாலாகிவிடாது. ஃபிக்ஹுச் சட்டப்படி, அறியாமல் வாங்கியிருந்தாலும் பொருள் உரியவருக்கே சேரும். கொடுத்த விலையை விற்றவரிடமே கேட்டுப் பெற வேண்டும். ரசீதின்றிப் பாதி விலைக்குக் கைபேசி வாங்கும் நம் இளைஞர்களுக்கும் இதுவே சட்டம்.

அதே நிறுவனம் 2014-இல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் வழியே 16,74,000 டாலருக்கு வாங்கிய கில்காமேஷ் காவியக் களிமண் பலகை, 2021-இல் இராக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே, கொடுத்த விலையைத் திரும்பக் கேட்டு அந்த ஏல நிறுவனத்தின் மீது ஹாபி லாபி வழக்குத் தொடுத்திருந்தது.