சட்டைப் பொத்தானும் ஒரு பாடம்

சட்டைப் பொத்தான் போடுவதில் எத்தனை வேலை இருக்கிறது என்று யோசித்ததுண்டா? விளிம்பைப் பிடிக்கணும், துளையைத் தேடணும், பொத்தானைச் சாய்த்து நுழைக்கணும், அது மறுபக்கம் தலைகாட்டியதும் விரலை மாற்றிப் பிடித்து இழுக்கணும். நமக்கு இது கைப்பழக்கம். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்கு ஒவ்வொன்றும் தனிப் பாடம்.

சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சியில், இப்படி ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கப் பழக்குகிறார்கள். அப்புறம் பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்குவதும் உண்டு. ஆசிரியர் பொத்தானை முக்கால்வாசி நுழைத்துவிடுவார். இழுத்து முடிப்பது மட்டும் பிள்ளையின் வேலை. ஆரம்பத்திலேயே ‘நானே போட்டுட்டேன்’ என்ற குதூகலம் கிடைத்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடுதான்! அது கைவந்ததும், முந்தைய படியும் பிள்ளையின் பொறுப்புக்கு வரும்.

சிறப்புக் கல்வி ஆசிரியராக வர, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 2 ஆண்டு டிப்ளமோ, பட்டதாரிகளுக்குச் சிறப்புக் கல்வி பி.எட். இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே பதிவு செய்யாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு.

தேவை நிறைய. தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவை உள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, ஆர்.சி.ஐ.யில் வாங்கிய பதிவை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்ட புள்ளிகளைக் காட்டணும். ஆமாம், இங்கே டீச்சருக்கும் வீட்டுப்பாடம் உண்டு!