சாயத் தண்ணீரில் உப்பு எடுக்கிறார்கள்

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் மூட்டைக் கணக்கில். நிறம் பெரும்பாலும் துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். திருப்பூர் சாயப்பட்டறைகளில் இருந்து அது நொய்யல் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்கென்று அந்த ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது.

2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மீண்டும் திறக்க வேண்டுமானால், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்பது நிபந்தனை. நடக்கிற காரியமா என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்கின்றன. அடுத்து, தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி, நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சிச் சுண்ட வைத்தால், சாயமேற்றும் உப்பு மறுபடி கைக்கு வருகிறது. தண்ணீரும் உப்பும் திரும்பப் பட்டறைக்கே போகின்றன. ஆனால், காய்ச்சுகிற செலவு லேசுப்பட்டதல்ல. சிறு பட்டறைக்காரர்களைத் திணறடிப்பது அதுதான்.

தீராத தலைவலி ஒன்றும் உண்டு. எல்லாம் பிரித்தெடுத்த பின்பு கடைசியில் ஒரு கலப்பு உப்பு மிஞ்சும். துணிக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது. மழை பட்டால் கரைந்து ஓடிவிடும் என்பதால், கூரைக்கடியில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் காக்க வேண்டியிருக்கிறது.