நாங்களும் நாட்டு அரசியலும்

(சங்க ஆண்டு விழாவில் எல்லைப்புற மாணவர் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாக் குழுவினர் எங்களை அழைத்தபோது, "கால் மணி நேரம் பேசுங்கள், நகைச்சுவையாகப் பேசுங்கள், ஆனால் அரசியல் மட்டும் வேண்டா" என்று அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். அரசியலை நீக்கிவிட்டு நகைச்சுவைக்கு நாங்கள் எங்கே போவது? உப்பில்லாமல் கருவாடு கேட்பது போன்றதன்றோ இது! ஆகவே குழுவினர் பொறுத்தருள வேண்டும். நாங்கள் அரசியலையே பேசப் போகிறோம். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்க மாட்டோம் என்று மட்டும் உறுதி கூறுகிறோம். எங்களுக்குள்ளேயே மூன்று கட்சிக்காரர்கள் இருப்பதால், கேட்க நினைத்தாலும் அது இயலாது.

நாங்கள் பொழியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் எங்களுள் சிலர் வந்திருக்கிறார்கள். இந்தக் காலனிக்குக் குடிவந்த குடும்பங்களுள் எங்கள் ஊரைத் தாண்டிச் சென்றவர் பலர் இருப்பீர்கள். ஆயினும் இறங்கிப் பார்த்தவர் சிலரே. ஆற்று நீரைக் கடலினின்றும் பிரிக்கும் மணல்திட்டு உடைந்து வாய் திறக்கும் இடத்தைப் பொழி என்பர். நெய்யாறு பூவாற்றில் அவ்வாறுதான் கடலைச் சேர்கிறது. அந்தத் திட்டு ஓரிடத்தில் நில்லாது. மழைக்கும் அலைக்கும் ஏற்ப இடம் மாறும். நேற்று நடந்து போன இடத்தில் இன்று தோணி வேண்டும். எங்கள் நாட்டுக் கட்சிக் கூட்டணிகளை நாங்கள் எளிதில் புரிந்துகொள்வதற்கு இந்தப் பொழியே காரணம் போலும்!

பொழியூருக்குத் தெற்கே நீரோடி. பொழியூர் கேரளம், நீரோடி தமிழ்நாடு. இரண்டுக்கும் இடையே கடலும் இல்லை, மலையும் இல்லை. 2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நீரோடி மக்கள் ஏப்பிரல் 19 அன்று வாக்களித்தார்கள். நாங்கள் ஏப்பிரல் 26 அன்று வாக்களித்தோம். தெற்கே காங்கிரசும் கம்யூனிஸ்டுகளும் ஒரே மேடையில் தோளோடு தோள் நின்று வாக்குக் கேட்டார்கள். வடக்கே திருவனந்தபுரம் தொகுதியில் அதே காங்கிரசும் அதே கம்யூனிஸ்டுகளும் ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றார்கள். இரண்டு பக்கத்து ஒலிபெருக்கிகளையும் ஒரே திண்ணையிலிருந்து கேட்ட எங்கள் நண்பர் ஒருவரின் பாட்டி, "மக்களே, அங்கே கட்டிப் பிடிக்கிறவன் இங்கே ஏன் கடித்துக் குதறுகிறான்?" என்று கேட்டார். அரசியல் விஞ்ஞானம் படிக்கும் நண்பர் அரைமணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் எல்லையில் நிற்கிறவன் எந்தக் கையால் கும்பிட வேண்டும்?" என்றார் பாட்டி. அதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் விடையில்லை.

நெய்யாற்றின்கரைத் தொகுதியின் கதையும் சுவையானது. 2011-ஆம் ஆண்டு அங்கே மார்க்சிஸ்டுக் கட்சியின் சார்பில் ஆர். செல்வராசு சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டே பதவியைத் துறந்து, 2012 இடைத்தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக நின்றார், வெற்றியும் பெற்றார். அதே தொகுதி, அதே மனிதர், அதே புன்னகை. சின்னம் மட்டும் வேறு. எங்கள் கல்லூரிகளில் ஒரு மாணவன் ஆண்டின் நடுவில் பாடப்பிரிவை மாற்ற வேண்டுமானால் மூன்று அலுவலகம் ஏறி இறங்க வேண்டும்; மாற்றிக்கொண்ட பின்பும் பழைய பாடத்தின் மதிப்பெண்ணைப் புதிய பாடத்தில் சேர்த்துத் தர மாட்டார்கள்.

மதிப்பெண் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் வகுப்பில் 19 மதிப்பெண் பெற்றவன் முதல்வனாக முடியாது. ஆனால் 1954-ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபையில் பிரசா சோஷலிஸ்டுக் கட்சிக்கு 19 இடங்களே இருந்தன. காங்கிரசுக்கு 45 இடங்கள் இருந்தன. எனினும் முதலமைச்சர் ஆனவர் பிரசா சோஷலிஸ்டுக் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. காங்கிரசு வெளியே நின்று ஆதரவு தந்தது. 45 பெற்றவன் பெஞ்சின்மேல் ஏறி நின்று, 19 பெற்றவனுக்குக் கைதட்டிய வகுப்பு அது.

இதுவரை சிரித்தோம். அந்த மந்திரிசபையின் காலத்தில்தான், 1954 ஆகஸ்டு 11 அன்று, தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று கிளர்ந்தெழுந்த தமிழர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மார்த்தாண்டமும் புதுக்கடையும் அன்று குருதியில் நனைந்தன. அப்போது அந்தக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தவர் டாக்டர் ராம்மனோகர் லோகியா. மக்களைச் சுட்ட மந்திரிசபை நம்முடையதாயினும் பதவி விலக வேண்டும் என்று அவர் கோரினார். கட்சி கேட்கவில்லை, கட்சி பிளந்தது, அவர் பின்னர்த் தனிக்கட்சி கண்டார். எங்கோ வடநாட்டில் பிறந்த ஒருவர், நம் எல்லைச் சிற்றூர்களில் மாண்டவர்களுக்காகத் தம் சொந்தக் கட்சியையே எதிர்த்து நின்றார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையும், தேவிகுளமும், பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அன்று முதல் நாங்கள் நாகர்கோவிலுக்குப் போனால் மலையாளத்தார்; திருவனந்தபுரத்துக்குப் போனால் பாண்டிக்காரர். இதற்காக நாங்கள் யாரிடமும் பகை பாராட்டவில்லை. மலையாளத் தோழர்கள் எங்கள் சோற்றுப் பொதியில் கைவைக்கும்போது எல்லைக் கோட்டை எவரும் நினைப்பதில்லை.

இனி, எங்கள் கல்லூரித் தேர்தலுக்கு வருவோம். இந்தியா முழுவதும் மாணவர் தேர்தலுக்கு விதி வகுத்தது ஜே. எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழு. 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பரிந்துரைகளை ஏற்றது. அதற்கு வித்திட்ட வழக்கோ எங்கள் கேரளப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கியது. நாட்டுக்கே விதி வரக் காரணமானோம் என்று நாங்கள் பெருமைப்பட்டோம். விதிகளைப் படித்த பின்பே பெருமை சற்றுக் குறைந்தது.

கல்லூரித் தேர்தலில் நிற்கும் மாணவன் 75 சதவீதம் வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். பாராளுமன்ற உறுப்பினரோ அனுமதி பெறாமல் 60 நாள் அவைக்கு வாராவிட்டால்தான், அவருடைய இடம் காலி என்று சபை அறிவிக்கலாம் என்கிறது அரசியல் சட்டம். மாணவன் அந்த ஆண்டில் எந்தப் பாடத்திலும் தேறாமல் நிலுவை வைத்திருக்கக் கூடாது. நாட்டுத் தேர்தலில் நிலுவை வாக்குறுதிகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மாணவன்மீது குற்ற வழக்கு விசாரணை நடந்திருந்தாலே தகுதி போயிற்று; நாட்டுத் தலைவருக்கோ வழக்கு இருந்தால் மட்டும் போதாது, தண்டனையும் கிடைக்க வேண்டும். மாணவன் செலவிடக்கூடியது ரூ. 5,000, பெரிய மாநிலங்களில் பாராளுமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் ரூ. 95 லட்சம். மாணவன் அச்சடித்த சுவரொட்டி ஒட்டலாகாது. கையால் எழுதியதை, குறித்த இடத்தில் மட்டுமே ஒட்ட வேண்டும். நிர்வாகப் பதவிக்கு அவன் ஒரே ஒருமுறைதான் போட்டியிடலாம். (செயலாளர் அவர்கள் பதற வேண்டா, இந்த விதி நம் சங்கத்துக்குப் பொருந்தாது.)

எல்லாவற்றிலும் வேடிக்கையானது வயது வரம்பு. இளநிலை மாணவன் 22 வயது வரைதான் கல்லூரித் தேர்தலில் நிற்கலாம். சட்டசபைக்கோ பாராளுமன்றத்துக்கோ நிற்க 25 வயது ஆக வேண்டும். இடையிலுள்ள மூன்றாண்டு அவன் என்ன செய்வான்? பெரியவர்களின் சுவரொட்டியை ஒட்டுவான். பசை காய்ச்சுவதற்கு மட்டும் வயது வரம்பு இல்லை!

இவற்றையெல்லாம் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. விதிகள் நல்லவையே. வகுப்புக்கு வா, தேர்ச்சி பெறு, குற்றம் செய்யாதே, பணத்தை வாரி இறைக்காதே என்பவை எவருக்கும் நல்லவையே. பிள்ளைகளுக்கு விதித்ததைப் பெரியவர்களும் ஒருமுறை அணிந்து பார்க்கலாகாதா என்பதே எங்கள் வினா.

மாணவர் அரசியல் வெறும் விளையாட்டென்று எண்ணுவோரும் உண்டு. 1958-இல் கேரளத்தில் மாணவர்களின் படகுக் கட்டணம் ஓரணாவாகவே இருக்க வேண்டும் என்று எழுந்த கிளர்ச்சி, மாநிலம் முழுவதும் பரவிற்று. 1967-இல் விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரை 1,285 வாக்குகளில் வென்றவர் பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். அந்தக் காமராசர் மீண்டும் பாராளுமன்றம் செல்ல வழி திறந்தது எது தெரியுமா? மார்சல் நேசமணி மறைந்த பின், 1969-இல் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தல். எங்கள் எல்லைக்கு அடுத்த தொகுதி! மாணவன் வீழ்த்தினான், தென்கோடி மக்கள் தூக்கி நிறுத்தினார்கள். இரண்டும் வாக்குச்சீட்டினாலேயே நடந்தன.  சனநாயகத்தின் மாண்பு இதுவன்றோ?

ஆனால் எல்லாம் அவ்வாறு முடிவதில்லை. 2018 சூலை 2 அன்று எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் அபிமன்யு என்னும் மாணவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். வயது 20. வேதியியல் படித்தவர். ஊர், தேவிகுளம் வட்டத்து வட்டவடை. தமிழ் பேசும் மலைச் சிற்றூர். 1956-இல் எங்களைப் போலவே எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட மண்ணின் பிள்ளை. தகராறு எதைப் பற்றி? புதிய மாணவரை வரவேற்று எழுதுவதற்கு ஒரு சுவரில் யாருக்கு இடம் என்பதைப் பற்றி. சற்று முன் சுவரொட்டி விதியைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தோம். ஒரு சுவருக்காக ஓர் உயிர் போன நாட்டில் அந்த விதி சிரிப்புக்கு உரியதன்று என்பதையும் நாங்களே சொல்லியாக வேண்டும்.

இதைக் கேட்டவுடன், "இதற்காகத்தான் அரசியல் வேண்டா என்றோம்" என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் வீடுகளிலும் அவ்வாறே சொல்கிறார்கள். "படி, வேலைக்குப் போ, கொடி பிடிக்காதே" என்னும் சொல்லின் பின்னால் இருப்பது அன்பு என்பதை அறிவோம். ஆனால், பெரியோர்களே! நல்ல பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குள் இருந்துவிட்டால், சுவர் யாருக்கு மிஞ்சும்? கத்தி வைத்திருப்பவனுக்கே மிஞ்சும். பொழியில் மணல் அடைத்துக்கொண்டால் ஆற்று நீர் கடலுக்குப் போகாமல் ஊருக்குள் புகும். அதை வெட்டிவிட ஊரார் ஒன்றுகூடுவார்கள். என் பிள்ளை சேற்றில் இறங்க மாட்டான் என்று எவரும் சொல்வதில்லை.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம். முதலாவது: மதிப்பெண் எத்தனை என்று கேட்கும்போதே, உன் கல்லூரித் தேர்தலில் நிற்பவன் யார், அவன் எப்படிப்பட்டவன் என்றும் பிள்ளைகளைக் கேளுங்கள். வீட்டில் பேச முடிந்த அரசியலைப் பிள்ளை வெளியே ஒளித்துவைத்துப் பேச மாட்டான். இரண்டாவது: நம் சங்கத்தின் செயற்குழுவில் மாணவர்க்கு ஓர் இடம் கொடுங்கள். 18 வயதில் நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு 1989 முதல் இருக்கிறது. ஆண்டு விழாவுக்குக் காப்பி வாங்குவதா, தேநீர் வாங்குவதா என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் இன்னும் வரவில்லை.

அந்த இடத்துக்கு எங்களுள் யார் வருவது என்பதற்குத் தேர்தல் நடத்துவோம். சுவரொட்டிகளைக் கையாலேயே எழுதுவோம். தோற்றவன் வென்றவனுக்கு மாலையிடுவான். வென்றவன் எல்லாருக்கும் காப்பி வாங்கித் தருவான்; செலவு ரூ. 5,000-க்கு மேல் போகாது.