பேட்டரி ஏன் இறங்குகிறது?



எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் இளைஞர் இருக்கிறார். வேலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போவார். அவருடைய கார் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே வெளியே வரும். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் காலை ஆறு மணிக்குத் தம் தாயாரை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்வார்.

திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை கார் கிளம்பவில்லை. வாடகைக் கார் தேடி ஓடினார். பட்டறையில் பேட்டரி பழையது என்றார்கள். இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்துப் புதியது போட்டார். வியாழனும் சனியும் ஒருவாறு முக்கி முனகிக் கிளம்பியது. அடுத்த செவ்வாய் மீண்டும் செத்துக் கிடந்தது. "செவ்வாயோ வெறுவாயோ" என்று பாட்டியம்மாள் கிழமையின் மேல் பழியைப் போட்டார். நான் அந்தக் கிழமையையே துப்பாக எடுத்துக்கொண்டேன். சனிக்கும் செவ்வாய்க்கும் இடையே மூன்று நாள். மற்ற இடைவெளிகள் இரண்டே நாள். நிற்கும் நேரம் கூடினால் பேட்டரி சாகிறது என்றால், கார் உறங்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது என்றுதான் பொருள்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் என்னும் சிறு கருவி போதும். முதலில் அதை டி.சி. வோல்ட்டில் வைத்துப் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் குறை ஆல்டர்னேட்டர் பக்கம். இளைஞரின் காரில் 14.1 வந்தது. ஆக, ஏற்றுவதில் குறையில்லை.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள். பிளஸ் முனையைத் தொடாதீர்கள். ஸ்பேனர் காரின் இரும்பில் பட்டால் பெரும் பொறி பறக்கும். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழை டி.சி. ஆம்பியரில் வையுங்கள். சிவப்பு முனையைக் கழற்றிய கம்பியிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் பொருத்துங்கள். இப்போது கார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் மீட்டரின் வழியாகத்தான் போயாக வேண்டும். இந்நிலையில் எஞ்சினை முடுக்கவே கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டரின் பியூஸ் போய்விடும்.

பொறுமை வேண்டும், நேயர்களே. இக்காலக் கார்களில் உள்ள கணினிப் பெட்டிகள் உடனே உறங்குவதில்லை. சிலவற்றுக்கு அரை மணி, சிலவற்றுக்கு ஒரு மணி நேரமும் ஆகும். தொடக்கத்தில் பெரிய எண்ணைப் பார்த்துப் பதறுபவர்கள் பலர். கதவு திறந்திருக்க வேண்டுமானால் அதன் பூட்டு நாக்கைத் திருப்புளியால் மடக்கிவிடுங்கள். கதவு மூடியதாகக் கார் எண்ணிக்கொள்ளும்.

உறங்கிய காரில் 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை இருப்பது இயல்பு. கடிகாரமும் திருட்டு எச்சரிக்கையும் அவ்வளவு கேட்கும். எங்கள் மீட்டர் 0.44 காட்டியது. கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்குப் பத்தரை ஆம்பியர் மணி. மூன்று நாளைக்கு முப்பத்தொன்று. பேட்டரியோ 45.

இனி பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்த வழியில்தான் திருடன். பிடுங்கியதை அதே இடத்தில் திருப்பிச் செருகுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்வது நல்லது. பதினோராவது பியூஸில் எண் 0.02க்கு இறங்கியது. மூடியில் பார்த்தால், உள்விளக்குகளுக்கு உரிய பியூஸ். ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லையே! பியூஸைத் திரும்பச் செருகிவிட்டு, பின்னிருக்கையை மடித்துச் சாமான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். மூடிய பெட்டிக்குள் ஐந்து வாட் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. மூடியின் சுவிட்ச் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய சுவிட்ச் சில வெள்ளிதான்.

எல்லாப் பியூஸையும் எடுத்த பிறகும் எண் விழாவிட்டால், ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாகியிருக்கலாம். அதைப் பட்டறைக்காரரிடம் விடுவதே நன்று. பின்னாளில் மாட்டிய கேமரா, எச்சரிக்கைக் கருவி போன்றவை பியூஸ் பெட்டியைத் தொடாமல் நேரே பேட்டரியில் இணைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அவற்றையும் கழற்றிப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் மறவாமல் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டு, மறுநாள் வோல்ட் பார்க்கலாமென்று இரு முனையிலும் வைத்தால், அது பேட்டரியை நேராகக் குறுக்கிணைப்பதாகும். நானே ஒருமுறை இப்படி ஒரு மீட்டரைக் கருக்கியிருக்கிறேன்.

மறு செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்குப் பக்கத்து வீட்டில் எஞ்சின் சத்தம் கேட்டது. முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.