தலைநகரில் வீடு தேடுவோர்க்கு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பது கிழக்கிலே நெடுநாள் வழக்கம். துறைமுகத்தை அண்டி வாழும் நம் குடும்பங்களில் தகப்பன் உழைத்ததும் தாய் நகையாகச் சேர்த்ததும் ஈற்றில் ஒரு வீடாகவே உருவெடுக்கின்றன. முன்னர் அந்த வீடு உவர்மலையிலோ பாலையூற்றிலோ உப்புவெளியிலோ எழுந்தது. இன்று மகளுக்கும் மருமகனுக்கும் கொழும்பிலே உத்தியோகம். ஆகவே இங்குள்ள காணியை விற்று, பணிக்கொடையையும் கடல் கடந்த பிள்ளை அனுப்பியதையும் அதனோடு சேர்த்துத் தலைநகரில் வீடு தேடப் புறப்படுகிறோம். எங்கே தேடுகிறோம்? வெள்ளவத்தையில். அங்கே கிடையாவிட்டால் பம்பலப்பிட்டியில். அங்கும் கிடையாவிட்டால் மீண்டும் வெள்ளவத்தையில்!

இதை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. கோயில், இராமகிருஷ்ண மிஷன், தமிழில் நோயைச் சொல்லக்கூடிய வைத்தியர், நம் சமையலுக்கு வேண்டிய சரக்கு எல்லாம் அங்கே காலெட்டும் தூரத்தில் உள்ளன. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இடம்பெயர்ந்தோர் அங்கேதான் தஞ்சம் புகுந்தனர். தனி வீடுகள் இருந்த ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் எழுந்தன. அதன் பயன் என்ன? இங்கே கிணறும் மாமரமும் உள்ள வளவை விற்ற பணம், அங்கே வெயில் எட்டிப் பாராத இரண்டு அறைகளுக்கும் போதாமல் நிற்கிறது.

ஆயினும் சௌகரியம் மட்டும் காரணமன்று. அச்சமும் ஒரு காரணம். நம்மவர் கூட்டமாக இருக்கும் இடமே காவல் என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். பட்டவர்கள் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. 2007 ஜூன் 7 இல் வெள்ளவத்தை முதலான இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே அதைத் தடுத்து நிறுத்தியது உயர் நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளை. அயலில் எத்தனை தமிழர் வாழ்ந்தனர் என்ற கணக்கு அன்று. கூட்டம் துணையாகலாம், காவல் என்று அதற்குத் தனி விலை கொடுப்பது நியாயமா என்பதை ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வேறு எங்கே பார்ப்பது? எவரும் ஏறெடுத்துப் பாராத பகுதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் இன்றும் உயிரோடு இருக்கிறதா, அல்லது செத்து அதன் பெயர் மட்டும் உலவுகிறதா என்று நாம் விசாரிக்க வேண்டும். நம் உவர்மலையையே பாருங்கள். ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில். நம் வாயில் உவர்மலை. பெயரைக் கேட்டு உவர் நிலம் என்று ஒதுங்குகிற வெளியூரான் நகரின் நல்லதோர் மேட்டு நிலத்தையல்லவா இழப்பான்! வெள்ளவத்தையிலேயே நூற்று நெய்யும் ஆலை ஒன்று இருந்தது. ஆலைப்புறத்தில் யார் குடியிருக்க விரும்புவர்? ஆலை மூடப்பட்டது. அந்த நிலத்திலேதான் இன்று ஹவ்லொக் சிட்டி என்னும் மாடங்கள் வானளாவி நிற்கின்றன. காரணம் செத்ததை முதலில் கண்டவன் இலாபம் கண்டான்.

வெள்ளவத்தைக்குத் தெற்கே மூன்றாவது புகையிரத நிலையம் இரத்மலானை. இடையில் உள்ளவை தெகிவளையும் கல்கிசையும் மாத்திரமே. அங்கே இந்துக் கல்லூரி உண்டு, திருநந்தீஸ்வரம் உண்டு, கரையோரப் புகையிரதம் கோட்டைக்கு நேரே செல்கிறது. பின் ஏன் அந்தப் பெயரைக் கேட்டதும் மூத்தோர் முகம் வாடுகிறது? 1983 இல் வீடிழந்த தமிழர் அங்குள்ள விமான நிலையக் கொட்டகையில் அகதிகளாய்க் கிடந்தனர். அந்த நினைவுதான். நினைவை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அது ஊரின் குற்றமன்று. இடிபட்டு வந்தோர்க்கு இடம் கொடுத்த மண் அது. இன்று ஆராய வேண்டியவை வேறு: தொழிற்சாலைகளின் இரைச்சல், காலி வீதியின் நெரிசல், மழைநீர் வடியும் வாய்க்கால்.

வடக்கே கொட்டாஞ்சேனையைத் தாண்டினால் முகத்துவாரமும் மட்டக்குளியும். துறைமுகத் தொழிலாளர் வாழும் இடம் என்று அவற்றை ஒதுக்குவோர் பலர். திருகோணமலைத் துறைமுகத்துச் சம்பளத்தில் வளர்ந்த நாம் அப்படிச் சொல்வது அழகா? பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் தொலைவில் இல்லை. கொட்டாஞ்சேனையிலே விவேகானந்தாக் கல்லூரி இருக்கிறது. களனி ஆற்றுக்கு அப்பால் வத்தளை, ஹெந்தளை. கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013 இல் திறந்த பின் அப்பக்கம் கொழும்புக்கு நெருங்கிவிட்டதாகத் தரகர் சொல்வர். விமான நிலையம் போகிறவனுக்கு அது சரி. காலை ஏழு மணிக்கு நீர்கொழும்பு வீதிப் பேருந்தில் தொங்குகிறவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான்.

இனி, காரணம் சாகாத இடம். கொலன்னாவைப் பக்கத்தில் காணி மலிவு, நகரத்துக்கும் அண்மை. 2016 மே மாதத்தில் களனி பெருகியபோது அங்கும் வெல்லம்பிட்டியிலும் வீடுகள் நீரில் நின்றன. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் களனிக் கரை தப்பவில்லை. மலிவு என்று இங்கே பணத்தைப் போடுவோர் ஆற்றைக் கேளாமல் போடக்கூடாது. அப்பகுதி முழுவதும் ஆகாது என்று நாம் சொல்லவில்லை. மேடும் பள்ளமும் ஒரே ஒழுங்கையிலேயே மாறும். பழைய மதில்களைப் பாருங்கள். வெள்ளம் நின்ற கோடு சுண்ணாம்பு பூசினாலும் மெல்லத் தெரியும்.

ஆகையால் ஞாயிறு பிற்பகலில் தரகரின் வாகனத்தில் போய் வீடு பார்ப்பது பார்வையே அன்று. வேலைநாட் காலையில் போங்கள். பெருமழை பெய்த மறுநாள் போங்கள். இரவு எட்டு மணிக்குப் பேருந்துத் தரிப்பிடத்தில் இறங்கி, மகள் தனியே நடந்து வர வேண்டிய ஒழுங்கையை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். தாய்மார்களையும் கூட்டிச் செல்லுங்கள். தண்ணீர் எந்த நேரம் வரும், குப்பை எடுக்க யார் வருவார் என்பன போன்ற கேள்விகள் அவர்களுக்கே முதலில் தோன்றும்.

உறுதி விடயத்தில் ஒரு வார்த்தை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை செல்லாது. கைக்கடிதத்தில் முற்பணம் கொடுத்துவிட்டு வீடு நம்முடையது என்று எண்ணுதல் பேதைமை. பிரிக்கப்படாத பங்கு பெரும்பாலும் மலிவாக வரும். அந்த மலிவின் மிகுதியைப் பின்னர் நீதிமன்றத்தில் செலுத்த நேரும். 10 ஆண்டு தடையின்றி எதிராட்சி செய்தவர் உரிமை கோரவும் சட்டத்தில் வழியுண்டு. ஆதலின் வெறுங்காணியில் யார் கொட்டில் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுப் பதிவுகளையாவது தேடுவிக்க வேண்டும். தொடர்மாடியானால் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதன் கூட்டாதனப் படம் பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். பதிவாகாத மாடியில் நீங்கள் வாங்குவது கட்டடக்காரரின் வாக்குறுதியை மட்டுமே.

இன்னொன்று. வெள்ளவத்தைக்கு வெளியே நாம் காலெடுத்து வைக்கத் தயங்குவதன் உள்ளர்த்தம் பல வேளைகளில் மொழிதான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் நாலு வார்த்தை சிங்களம் பேச வராதவர் தரகரின் வாயையே நம்ப வேண்டியிருக்கிறது. “கங்வதுர எனவாத?” — இங்கே வெள்ளம் வருமா? இந்த ஒரு கேள்வியை அவ்வூர்க் கடைக்காரரிடம் கேட்கத் தெரிந்தால் மதிலில் வெள்ளத்தின் கோட்டைத் தேட வேண்டியதில்லை. எந்த ஆண்டு, எத்தனை அடி என்று அவரே கையால் அளந்து காட்டுவார். வரும் ஆண்டின் வேலைத்திட்டத்தில் சனிக்கிழமை மாலைச் சிங்கள வகுப்பு ஒன்றையும் மன்றம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்கிறோம். பெரியவர்களுக்கும் அதில் இடம் இருக்கட்டும். வீட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் அவர்களல்லவா!