அட்டையில் செய்த கிட்டார்

இன்னைக்கு அகூஸ்டிக் கிட்டார். ஆனா ராஜா ராணி கதை இல்ல, ஒரு டிசைன் பிரச்சினையோட கதை.

1862-ல அந்தோனியோ தெ தோரெஸ்னு ஒரு ஸ்பெயின்காரர் ஒரு கிட்டார் செஞ்சார். முன்பலகை மரம், முதுகும் பக்கங்களும் வெறும் அட்டை. இன்னைக்கும் அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்துல இருக்கு. எதுக்கு அட்டை? கிட்டாரோட சத்தம் பெரும்பாலும் முன்பலகையிலிருந்துதான் வருதுன்னு நிரூபிக்க. நம்ம பாஷைல சொன்னா, ஒரு வேரியபிளை மட்டும் பிரிச்சு டெஸ்ட் பண்ணியிருக்கார்.

கம்பி தனியா அதிர்ந்தா காத்து பெருசா அசையாது. அந்த அதிர்வு பிரிட்ஜ் வழியா பலகைக்குப் போய், பலகை காத்தைத் தள்ளுது. அப்போ பலகை மெலிசா இருக்கணும். ஆனா கம்பிகள் அதை எப்பவும் இழுத்துக்கிட்டே இருக்கு. ரொம்ப மெலிசா இருந்தா வளைஞ்சு உடையும். தடிமனா இருந்தா ஊமையாகிடும். கிட்டாரோட வரலாறே இந்த இழுபறிதான்.

16-ஆம் நூற்றாண்டு கிட்டார் சின்னது, நாலு ஜோடிக் கம்பி. அப்புறம் அஞ்சு ஜோடி. 1800-ஐ ஒட்டி இன்னைக்கு இருக்கிற மாதிரி ஆறு ஒற்றைக் கம்பி வந்துச்சு. பெரும்பாலும் குடல் நரம்புல செஞ்சது. தோரெஸ் உடம்பைப் பெருசாக்கி, பலகையை மெலிசாக்கி, அடியில விசிறி மாதிரி குச்சிகளை ஒட்டினார். விசிறி அவர் கண்டுபிடிச்சது இல்ல, ஆனா அதை முழுமையாக்கினது அவர்தான். கிளாசிக்கல் கிட்டார் இன்னைக்கும் அந்த வழியிலதான். 1940-கள்ல நைலான் வந்து நரம்போட இடத்தைப் பிடிச்சது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், ஜெர்மனியிலிருந்து 1833-ல நியூயார்க் போனவர் சி.எஃப். மார்ட்டின். 1840-கள்ல அவர் பட்டறையில குச்சிகளை எக்ஸ் வடிவத்துல ஒட்ட ஆரம்பிச்சாங்க. அதுவும் குடல் நரம்புக்காகத்தான்! 20-ஆம் நூற்றாண்டுல சத்தம் இன்னும் வேணும்னு எல்லாரும் ஸ்டீல் கம்பிக்கு மாறினப்போ, அந்தக் கூடுதல் லோடைத் தாங்க எக்ஸ் தயாரா இருந்துச்சு. யாரும் கேட்காத ரிக்வயர்மென்ட்டுக்கு முன்னாடியே எழுதி வெச்ச கோடு மாதிரி.

சரி, இதனால நமக்கு என்ன? வீட்டுல பழைய நைலான் கிட்டார் இருந்தா, 'சத்தம் பத்தல'ன்னு அதுல ஸ்டீல் கம்பி போட்டுடாதீங்க. நைலான் செட்டோட மொத்த இழுவிசை சுமார் 40 கிலோ. ஸ்டீல் லைட் செட்டே 70-ஐத் தாண்டும். விசிறி அதுக்காகச் செஞ்சது இல்ல. பிரிட்ஜ் பிய்ஞ்சு வரலாம், பலகை வீங்கலாம். கம்பியை பிரிட்ஜ்ல முடிச்சுப் போட்டிருந்தா பெரும்பாலும் அது நைலான் கிட்டார். பின் குத்தியிருந்தா ஸ்டீல்.

புதுசா வாங்கப் போறீங்களா? பளபளப்பைப் பார்க்காதீங்க. முன்பலகை முழு மரமா, பிளைவுட்டான்னு முதல்ல கேளுங்க. பட்ஜெட் கம்மின்னா, காசை அந்தப் பலகையில போடுங்க. முதுகு அட்டையா இருந்தாக்கூட கிட்டார் பாடும்னு தோரெஸ் காட்டிட்டுப் போயிருக்கார்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.