விழுதுப் பாலம்



கட்டி முடித்தோம், திறப்புவிழா நடத்தினோம், ஒப்பந்தக்காரர் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போனார் என்பதுதான் நமக்குப் பழகிய கட்டுமானம். நானோ கட்டி முடியாத பாலங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேகாலயாவில், சிரபுஞ்சியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில், காசி, ஜைந்தியா பழங்குடி மக்கள் பாலத்தை வளர்க்கிறார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 11,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் பூமி அது. மூங்கில் பாலம் போட்டால் சீக்கிரமே உளுத்துப்போகும், இரும்பு துருவேறும். அதனால் ஓடைக்கரையில் ஆலினத்தைச் சேர்ந்த ரப்பர் மரத்தை நட்டார்கள். விழுது இறங்கியதும், பாக்கு மரத்தண்டைப் பிளந்து குடைந்து, ஓடையின் குறுக்கே கிடத்தி, இளம் விழுதுகளை அதற்குள் செலுத்துவார்கள். தண்டைப் பிடித்துக்கொண்டே விழுது அக்கரை சேர்ந்து மண்ணில் ஊன்றிக்கொள்ளும். பாக்குத்தண்டு மட்கி உதிர்ந்துவிடும். விழுது பருத்துக்கொண்டே போகும். இரண்டு விழுதுகளை முறுக்கிச் சேர்த்தால், நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். பாலத்தின் பலமே அந்த ஒட்டில்தான் இருக்கிறது.

அச்சமின்றி ஆள் நடக்கப் பதினைந்து, இருபது ஆண்டுகளாவது ஆகும். நட்டவர் நடந்து பார்க்காமலே போகலாம். தெரிந்தேதான் நடுகிறார்கள்! 1844இலேயே ஹென்றி யூல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இவற்றைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட 74 பாலங்களை ஆராய்ந்திருக்கிறது.

உயிருள்ள பொருளால் கட்டும் எண்ணம் இப்போது ஆய்வகத்துக்கும் வந்திருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் என்ற ஆய்வாளர், கான்கிரீட்டில் பாக்டீரியா வித்துகளையும் அவற்றுக்கான உணவையும் கலந்து வைத்தார். விரிசலில் தண்ணீர் புகுந்ததும் வித்துகள் உயிர்பெற்றுச் சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கி விரிசலை அடைக்கின்றன. அருமையான வேலை, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதைக் கேட்டவுடன், "அப்போ இனிமே பராமரிப்பே வேண்டாமா?" என்று கேட்கிறோமே, அங்கேதான் எனக்கு வருத்தம். உயிருள்ள பொருள் நம் கடமையைக் குறைக்கும் என்று எவர் சொன்னார்? காசி மலையில் புது விழுதை இழுத்துக் கட்டவும், தளர்ந்ததை முறுக்கிவிடவும், மிதிக்கிற இடத்தில் கல் பரப்பவும் தலைமுறை தலைமுறையாக ஊரே கை கொடுத்தது. அந்தக் கை விலகினால் பாலம் வெறும் மரமாகிவிடும்.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். காளான் இழையில் வளர்த்த செங்கல்லோ, பாக்டீரியா கான்கிரீட்டோ, உயிர்மரச் சுவரோ, எதை வேண்டுமானாலும் திட்டமிடுங்கள். முப்பது ஆண்டு அதைப் பார்த்துக்கொள்ளப்போவது யார், அவருக்குக் கூலி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த வரி இல்லாத திட்டம் எங்கள் ஊருக்கு வந்தால், கிராமசபையில் எழுந்து நின்று கேட்பேன்.